நகல் எடுத்த கை, எடுக்கச் சொன்ன வாய்

மாடிப்படிக்குப் பக்கத்தில், தண்ணீர் கேனுக்கும் கதவு சரியாக மூடாத பழைய பீரோவுக்கும் நடுவில் அந்த ஜெராக்ஸ் மெஷின் இருந்தது. கோவையில் ஒரு தனியார் நிறுவனம். பெயர் வேண்டாம். அங்கே கணக்குப் பிரிவில் சில ஆண்டுகள் இருந்தேன். ஒரு திங்கட்கிழமை காலை, வழக்கம்போலத் தாளை வைத்து மூடியைச் சாத்திப் பச்சைப் பொத்தானை அழுத்தினால் மெஷின் நகரவில்லை. திரையில் நாலு கட்டங்கள். நம்பர் போட்டால்தான் இனி நகல்.

மதியத்துக்குள் ஆளுக்கொரு நம்பர் வந்துவிட்டது. அதை யாருக்கும் சொல்லக் கூடாது என்று சுற்றறிக்கையும் வந்தது. சாயங்காலம் பார்த்தால், எல்லோருடைய நம்பரும் எழுதிய ஒரு துண்டுச்சீட்டு மெஷினின் பக்கவாட்டிலேயே செல்லோடேப் போட்டு ஒட்டியிருந்தது. ஒட்டியவர் யார் என்று கடைசிவரை தெரியவில்லை. சுற்றறிக்கையை எல்லோருக்கும் நகல் எடுத்துக் கொடுத்தவர் அலுவலக உதவியாளர். ஐம்பது வயதைக் கடந்தவர். எங்கள் எல்லோருக்கும் அவர் அண்ணா.

மாதக் கடைசியில் மெஷினிலிருந்து அறிக்கை எடுத்தார்கள். முதல் இடத்தில் அண்ணா. நிர்வாக அலுவலர், அவரைவிட இருபது வயது சின்னவர், கூப்பிட்டுக் கேட்டார்: “என்னங்கண்ணா, மாசத்துக்கு ஆயிரத்து நூறு காப்பியா? வெளியில கடை ஏதாச்சும் நடத்தறீங்களா?” சிரித்துக்கொண்டுதான் கேட்டார். அண்ணா சிரிக்கவில்லை. “என்ர நம்பர்லதானுங்க சார் எடுத்தது. ஆனா எனக்குன்னு ஒண்ணுகூட எடுக்கலீங்க.”

மெஷின் பொய் சொல்லவில்லை. அந்த நம்பரில் அத்தனை நகல் ஓடியது உண்மை. ஆனால் நம் ஊர் அலுவலகங்களில் நகல் எடுப்பவர் ஒருவர், எடுக்கச் சொல்பவர் இன்னொருவர். மேலாளர் எழுந்துபோய் மெஷின் முன்னால் நிற்பதில்லை. மணியை அழுத்துவார், “ரெண்டு காப்பி” என்பார், ஃபைலை நீட்டுவார். மெஷினுக்குத் தெரிவது பொத்தானை அழுத்திய கை மட்டும். சொன்ன வாய் எந்தப் பதிவிலும் வராது. பிறகு விசாரணை என்று ஒன்று வரும்போது, கம்ப்யூட்டர் கொடுத்த தாள் என்பதாலேயே அதற்கு ஒரு மரியாதை வந்துவிடுகிறது. அண்ணா வாயால் சொல்வதற்கு அந்த மரியாதை கிடையாது.

நகல் மெஷினுக்கு நம்பர் பூட்டு, கார்டு, கணக்கு எல்லாம் இன்று சின்ன அலுவலகங்களுக்கும் வந்துவிட்டன. வைக்கட்டும். வீணாகிற தாளைக் கண்ணால் பார்த்தவன் நான். கணக்கே கூடாது என்று சொல்லமாட்டேன். எதைக் கணக்கு வைக்கிறோம், அதை யார் எதற்குப் படிக்கிறார்கள் என்பதில்தான் எனக்கு வழக்கு.

இந்த மெஷினும் எண்ணிக்கையும் சேர்ந்தே பிறந்தவை. செஸ்டர் கார்ல்சன் நியூயார்க்கில் ஒரு மின்பொருள் நிறுவனத்தின் காப்புரிமைப் பிரிவில் வேலை பார்த்தவர். விவரக்குறிப்புகளுக்கு எத்தனை நகல் இருந்தாலும் போதாது. கையால் எழுதி, திரும்பத் தட்டச்சு செய்து சலித்துப்போனவர். அந்தச் சலிப்புதான் 1938 அக்டோபர் 22 அன்று அவருடைய முதல் உலர்நகலாக வந்தது. அதை அலுவலகத்தில் வைக்கிற மெஷினாக்கியது ராச்செஸ்டர் நகரத்து ஹாலாய்டு ஜெராக்ஸ் நிறுவனம். 1959இல் அறிமுகமான அந்த மெஷினின் பெயர் 914. 9 அங்குலத்துக்கு 14 அங்குலத் தாள் வரை எடுக்கும் என்பதால் அந்தப் பெயர். எடை கிட்டத்தட்ட 300 கிலோ. சூடேறித் தாள் பற்றிக்கொள்ளும் பழக்கமும் அதற்கு இருந்ததால் கூடவே ஒரு தீயணைப்புக் குடுவையையும் கொடுத்தார்கள். விற்பதைவிட வாடகைக்கு விட்டதே அதிகம்: மாதம் 95 டாலர், அதற்குள் 2,000 நகல், அதற்கு மேல் ஒவ்வொரு நகலுக்கும் சில சென்ட்.

நகலுக்கு இவ்வளவு என்று காசு வாங்க வேண்டுமானால் எண்ண வேண்டும். மெஷினுக்குள் மீட்டர் வந்தது அப்படித்தான். அதாவது அந்த மீட்டர் ஊழியரைப் பார்க்க வந்ததல்ல, வாடிக்கையாளரைப் பார்க்க வந்தது. இன்றும் வாடகை மெஷின் வைத்திருக்கும் இடங்களில் மாதம் ஒருமுறை ஒருவர் வந்து மீட்டர் ரீடிங் குறித்துக்கொண்டு போகிறாரே, அவர் அந்த 914இன் வாரிசு. ஏ3 தாளை இரண்டாகக் கணக்கிடுவதா, ஜாம் ஆகிக் கசங்கி வந்த நகலைக் கழிப்பதா என்று அவரிடம் நடக்கும் வாக்குவாதமும் பரம்பரைச் சொத்துதான்.

ஒரே மெஷினைப் பல பிரிவுகள் பங்கு போட்டுக்கொள்ளத் தொடங்கியபோது, பில்லையும் பங்கு போட வேண்டி வந்தது. அதற்காக ஒரு சின்னப் பெட்டி வந்தது. கைக்குள் அடங்கும் அளவு, முன்பக்கம் எண் சக்கரங்கள். அதை மெஷினில் செருகினால்தான் ஓடும்; ஓடுகிற ஒவ்வொரு நகலுக்கும் சக்கரம் ஒரு எண் நகரும். பிரிவுக்கு ஒரு பெட்டி, கண்காணிப்பாளரின் மேசை டிராயரில் பூட்டியிருக்கும். எனக்கு அந்தப் பெட்டி மேல் ஒரு பிரியம் உண்டு. அது பிரிவை எண்ணியது, ஆளை எண்ணவில்லை. பில் பிரிக்க அதற்கு மேல் தேவையும் இல்லை. பிறகு காந்தப்பட்டை அட்டை, பிறகு ரகசிய எண், இப்போது வாசல் கதவைத் திறக்கும் அதே அடையாள அட்டை. ஒவ்வொரு படியிலும் பெட்டி சிறுத்துக்கொண்டே வந்து, கடைசியில் ஆளின் சட்டைப்பையில் வந்து உட்கார்ந்துகொண்டது.

அதில் நன்மையே இல்லை என்றும் சொல்ல முடியாது. முன்பெல்லாம் ஒருவர் தன் இடத்திலிருந்து பிரிண்ட் கொடுப்பார், எழுந்துவர மறந்துவிடுவார். சம்பளப் பட்டியலோ யாரோ ஒருவருடைய மருத்துவச் சான்றிதழோ தட்டில் கிடக்கும். போகிறவர் வருகிறவர் எல்லாம் படிப்பார்கள். இப்போது அட்டையைக் காட்டும் வரை மெஷின் காத்திருக்கிறது. ஆள் வந்தால்தான் தாள் வரும். கேட்பாரற்றுக் குப்பைக்குப் போகும் தாளும் குறைகிறது. இதற்காக ஒரு அட்டை என்றால் சந்தோஷமாகக் காட்டலாம்.

ஆனால் அந்த அட்டை இன்னும் நிறையக் குறித்துக்கொள்கிறது. யார், எந்த நாள், எத்தனை மணி, எத்தனை பக்கம், கறுப்பு வெள்ளையா கலரா, நகலா ஸ்கேனா, ஸ்கேன் என்றால் எந்த மின்னஞ்சலுக்குப் போனது, பிரிண்ட் என்றால் கோப்பின் பெயர் என்ன. சில மென்பொருள்கள் ஓடிய ஒவ்வொரு பக்கத்தின் படத்தையே சேர்த்து வைத்து, உள்ளே இருக்கும் சொற்களையும் தேடத் தருகின்றன. தொழிற்சங்கத் துண்டறிக்கை, வேறு வேலைக்கான விண்ணப்பம், விவாகரத்து மனு, எல்லாம் ஒரு தேடலில் கிடைக்கும். அலுவலக மெஷினில் சொந்த வேலை எதற்கு என்று கேட்கலாம். கேட்பவர் முதலில் தன் பிள்ளையின் பள்ளிக்கூட புராஜெக்ட் எங்கே பிரிண்ட் ஆனது என்று நினைத்துப் பார்க்க வேண்டும்.

நகலுக்குக் கணக்கு வைப்பதில் நமக்கு இதைவிட நல்ல முன்மாதிரி ஒன்று உண்டு. நீதிமன்றத்தில் தீர்ப்பின் சான்றிட்ட நகல் வாங்கியவர்கள் அதைப் பார்த்திருப்பார்கள். தாளில் ஒரு முத்திரை. மனுப் போட்ட தேதி, நகலுக்கான தாளோ கட்டணமோ கேட்ட தேதி, கட்டிய தேதி, நகல் தயாரான தேதி, வழங்கிய தேதி என்று வரிசையாக இருக்கும். மேல்முறையீட்டுக்கான கெடுவைக் கணக்கிடும்போது நகலுக்குக் காத்திருந்த நாட்களைக் காலவரையறைச் சட்டம் கழித்துத் தருகிறது. ஆகவே அந்தத் தேதிகள் ஒவ்வொன்றும் ஒருவருடைய வழக்கின் உயிர். அங்கே கேட்டவர் யார் என்பது முதலில் வருகிறது. எடுத்தவர், ஒப்பிட்டுப் பார்த்தவர், கையெழுத்திட்டவர் எல்லாம் பிறகு. கணக்கும் ரகசியமல்ல, நகலோடு சேர்ந்தே நம் கைக்கு வருகிறது. பேனாவால் எழுதிய காலத்தில் தோன்றிய ஒரு நடைமுறைக்குப் புரிந்த விஷயம், தொடுதிரை வைத்த மெஷினுக்குப் புரியவில்லை.

பூட்டு போட்டால் ரகசியம் காப்பாற்றப்படும் என்பது அடுத்த நம்பிக்கை. 1969 அக்டோபரில் டேனியல் எல்ஸ்பெர்க், வியட்நாம் போரில் எடுக்கப்பட்ட முடிவுகள் பற்றிய அமெரிக்க அரசின் 7,000 பக்க ரகசிய ஆய்வை நகலெடுக்கத் தொடங்கினார். பின்னாளில் பென்டகன் ஆவணங்கள் என்று உலகம் அறிந்தது இதைத்தான். அவர் வேலை பார்த்த ராண்ட் நிறுவனத்தில் காவல் இருந்தது, பாதுகாப்புப் பெட்டகம் இருந்தது. அவரோ தாள்களைக் கைப்பெட்டியில் வைத்துக்கொண்டு வாசல் காவலரைக் கடந்து போய், லாஸ் ஏஞ்சலிஸில் ஒரு நண்பரின் விளம்பர நிறுவனத்து மெஷினில் இரவிரவாக எடுத்தார். ஒரு நாள் 13 வயது மகனும் 10 வயது மகளும் உதவிக்கு வந்தார்கள். மகன் நகல் எடுக்க, மகள் கத்தரிக்கோலால் ‘பரம ரகசியம்’ என்ற முத்திரையை வெட்டி எடுத்தாள். ராண்டின் மெஷினில் எந்தப் பூட்டு இருந்திருந்தாலும் அது எல்ஸ்பெர்க்கின் வழியில் குறுக்கே வந்திருக்காது.

நம் நாட்டிலும் அப்படித்தான். 1985 ஜனவரியில் டெல்லியை உலுக்கிய கூமர் நாராயண் உளவு வழக்கு நினைவிருக்கிறவர்கள் இருப்பார்கள். பிரதமர் அலுவலகத்துக் கோப்புகள் வெளியே போய், நகலாகி, ஒன்றும் நடக்காததுபோல் திரும்பி வந்து இடத்தில் உட்கார்ந்தன. கைதானவர்களில் தன் உதவியாளர்களும் இருந்ததால், ராஜீவ் காந்தியின் முதன்மைச் செயலாளர் பி.சி. அலெக்சாண்டர் பொறுப்பேற்றுப் பதவி விலகினார். பின்னாளில் தமிழ்நாட்டின் ஆளுநராக வந்தாரே, அவர்தான். 2015 பிப்ரவரியில் சாஸ்திரி பவனில் பெட்ரோலிய அமைச்சகத்தின் ஆவணங்கள் கசிந்த வழக்கிலும், இரவில் கள்ளச்சாவியும் போலி அடையாள அட்டையுமாக உள்ளே போனார்கள் என்பதுதான் டெல்லி போலீஸின் குற்றச்சாட்டு. சாவியே கையில் இருப்பவனுக்கு நாலு இலக்க எண் எம்மாத்திரம்? இப்போதோ எல்லோர் சட்டைப்பையிலும் கேமரா போன்.

கணக்கு உதவிய வழக்குகளும் உண்டு. 2017இல் அமெரிக்காவின் தேசியப் பாதுகாப்பு முகமையின் அறிக்கை ஒன்று வெளியே போனது. அதைப் பிரிண்ட் எடுத்தவர்கள் மொத்தம் 6 பேர் என்று பதிவு சொன்னது. அவர்களில் ரியாலிட்டி வின்னர் என்பவர் அதை வெளியிட்ட செய்தி நிறுவனத்துடன் மின்னஞ்சல் தொடர்பில் இருந்தது தெரிந்தது. வெளியான தாளில் கண்ணுக்குத் தெரியாத மஞ்சள் புள்ளிகளையும் பலர் கண்டுபிடித்தார்கள். பல கலர் லேசர் மெஷின்கள் தம் வரிசை எண்ணையும் தேதியையும் நேரத்தையும் அப்படிப் புள்ளிகளாகத் தாளில் தெளித்துவிடும். நீல விளக்கில் பார்த்தால் தெரியும். 2005லேயே இந்தப் புள்ளிகளைப் படித்துக் காட்டிவிட்டார்கள். இதிலெல்லாம் கவனிக்க வேண்டியது, 6 பேரும் தங்கள் கையால், தங்கள் பெயரில், தாங்களே பிரிண்ட் எடுத்தவர்கள். நம் அண்ணாவின் நம்பரை ஆறு பேர் பயன்படுத்தியிருந்தால், பிடிபட்டிருப்பவர் அண்ணா.

நகல் மெஷினைக் கண்டு அரசாங்கங்களே பயந்த காலமும் இருந்தது. சோவியத் ஒன்றியத்தில் அது பூட்டிய அறைக்குள், பொறுப்பாளரின் காவலில் இருக்கும். தடைசெய்யப்பட்ட எழுத்துகளை மக்கள் கார்பன் தாள் வைத்துத் தட்டச்சு செய்து கைமாற்றினார்கள். ருமேனியா இன்னும் ஒரு படி மேலே போய், 1983இல் தட்டச்சுப் பொறிகளையே போலீஸில் பதிவு செய்து எழுத்து மாதிரி கொடுக்கச் சொன்னது. ஹங்கேரியில் 1980களின் நடுவில் முதலீட்டாளர் ஜார்ஜ் சோரோஸ் நூலகங்களுக்கும் பல்கலைக்கழகங்களுக்கும் நகல் மெஷின்களை வாங்கிக் கொடுத்ததை, ஒரு நிர்வாக உதவியாக மட்டும் அங்கே யாரும் நினைக்கவில்லை. அலுவலகத்து நம்பர் பூட்டை இதோடு ஒப்பிடுவது கொஞ்சம் அதிகம்தான். ஆனாலும் ‘யார் எதை நகலெடுத்தார்’ என்ற பட்டியல் ஒருவர் கையில் இருந்தால் அவருக்கு என்ன கிடைக்கிறது என்பதற்கு இவை சாட்சி.

ஊழியரின் ஒவ்வொரு பக்கத்தையும் எண்ணுகிற நிர்வாகம், மெஷினின் வயிற்றுக்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்பதில்லை. இன்றைய பெரிய மெஷின்களில் பெரும்பாலானவற்றில் ஹார்ட் டிஸ்க் உண்டு; ஓடிய பக்கங்களின் உருவம் அதில் தங்கிவிடலாம். 2010இல் அமெரிக்காவின் சி.பி.எஸ். தொலைக்காட்சி பழைய மெஷின்களை விலைக்கு வாங்கி உள்ளே பார்த்தது. போலீஸ் ஆவணங்களும் நோயாளிகளின் விவரங்களும் வந்தன. அதில் ஒன்று அஃபினிட்டி ஹெல்த் பிளான் என்ற காப்பீட்டு அமைப்பு வாடகைக்கு எடுத்துத் திருப்பிக் கொடுத்த மெஷின். 3,44,579 பேரின் விவரங்கள் வரை அம்பலமாகியிருக்கலாம் என்று கணக்கிட்டு, 2013இல் அந்த அமைப்பு 12,15,780 டாலர் கட்டி வழக்கை முடித்துக்கொண்டது. இங்கே வாடகை மெஷின் திரும்பிப் போகும்போது நாம் என்ன செய்கிறோம்? டிரேயில் மிச்சமிருக்கும் தாளை எடுத்து வைத்துக்கொள்கிறோம்.

இன்னொரு வேடிக்கை. மெஷினில் டோனர் இல்லை, இல்லாவிட்டால் மாத ஒதுக்கீடு தீர்ந்துவிட்டது. அப்போது ஃபைல் எங்கே போகிறது? எதிர்த்த ஜெராக்ஸ் கடைக்கு. தாலுகா அலுவலகத்து வாசலில் நின்று பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. ஃபைலைத் தூக்கிக்கொண்டு போகவும் வேண்டாம் இப்போது. கடைக்காரரின் வாட்ஸ்அப் எண்ணுக்கு பி.டி.எஃப். அனுப்பினால் போதும். அந்த போனில் பார்த்தால் ஆதார் அட்டைகள், பத்திர நகல்கள், மதிப்பெண் சான்றிதழ்கள், அதற்குக் கீழே அலுவலகத்து டெண்டர் தாள். உள்ளே நம்பர் பூட்டு, வெளியே திறந்த சந்தை. 2022 மே மாதம் ஆதார் ஆணையத்தின் பெங்களூரு அலுவலகம், ஆதார் நகலை யாரிடமும் கொடுத்துவிடாதீர்கள் என்று எச்சரித்தது. பரபரப்பானதும் இரண்டே நாளில் மத்திய அரசு அந்த எச்சரிக்கையைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. எச்சரிக்கை போனது, கடைக்காரரின் போனில் இருக்கும் நகல்கள் எங்கேயும் போகவில்லை.

2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தரவைக் காக்கத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் என்கிறது. சட்டத்துக்குப் பயந்தாவது நிர்வாகங்கள் மெஷினைத் திரும்பிப் பார்க்கும் என்று நினைக்கிறேன். பார்க்கும்போது முதலில் பார்க்க வேண்டியது மெஷினின் நிர்வாகி கடவுச்சொல். கம்பெனியிலிருந்து வந்த அதே எண்தான் பல இடங்களில் இன்னும் இருக்கிறது. அதைப் போட்டால் யார் கணக்கையும் பார்க்கலாம், அழிக்கலாம். அடுத்து, மெஷின் திரும்பிப் போகும்முன் டிஸ்க்கைத் துடைத்ததற்கு எழுத்தில் ஒரு சான்று. கணக்கைப் பொறுத்தவரை, பில் பிரிக்கப் பிரிவு எண் போதும். சம்பளம், டெண்டர், வினாத்தாள் போன்றவற்றுக்கு ஆள் எண் கேட்கட்டும். அங்கேயும் சொன்னவர் பெயருக்கு ஒரு கட்டம் வேண்டும். மேலதிகாரிகளுக்கு அளவில்லாத எண், கீழே இருப்பவர்களுக்கு மாதம் இத்தனை என்ற ஒதுக்கீடு, இது கணக்கே இல்லை. பதிவை எத்தனை மாதம் வைத்திருப்பார்கள், யார் பார்ப்பார்கள் என்பதை மெஷினுக்கு மேல் ஒரு தாளில் ஒட்டிவிடலாம். செல்லோடேப் ஏற்கெனவே இருக்கிறது.

அண்ணாவின் கதைக்கு வருகிறேன். அந்தத் திங்கட்கிழமைக்குப் பிறகு ஒரு மாதம் கழித்து, சொந்தக் காசில் 40 பக்க நோட்டு ஒன்று வாங்கினார். ஸ்கேல் வைத்துக் கோடு போட்டார். தேதி, எத்தனை, என்ன தாள், சொன்னது யார் என்று நாலு பத்தி. பென்சிலை நூலில் கட்டி மெஷினோடு தொங்கவிட்டார். யாரும் அவரைச் செய்யச் சொல்லவில்லை. வேண்டாம் என்று சொல்லவும் யாருக்கும் வாய் வரவில்லை. முதல் இரண்டு வாரம் எல்லோரும் அதை ஒரு தமாஷாகப் பார்த்தோம். மூன்றாவது வாரம் ஒருநாள் மதியம், மேலாளர் ஒருவர் தன் மகளின் அறிவியல் புராஜெக்ட்டோடு வந்தார். முப்பது பக்கம், கலர். அண்ணா தாளை வாங்கிக்கொண்டு, நோட்டைத் திறந்து, “உங்க பேரைப் போட்டுக்கட்டுங்களா சார்?” என்று கேட்டார்.

மேலாளர் நோட்டைப் பார்த்தார். தாளைத் திரும்ப வாங்கிக்கொண்டு, வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு, தெருமுனை ஜெராக்ஸ் கடைக்குப் போனார்.